பனிக்குள் இறுகிய வண்டி



கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் தங்கை வெள்ளவத்தைக்கு வருவதென்றால் முதல்நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டுத்தான் வருவாள். அன்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலில் நின்றாள். கண்கள் சிவந்திருந்தன. தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அது ஆறிப்போகும் வரை கோப்பையைத் தொடவே இல்லை.

"ராத்தா, என்ட மகளும் மருமகனும் புள்ளைகளும் காட்டுக்குள்ள பனியில மாட்டிக்கிட்டு ஈந்தாங்களாம். எல்லாம் முடிஞ்சி மூணு நாளைக்குப் பொறகுதான் எனக்குச் சொல்றா" என்று அழுதாள்.

உடனே கனடாவுக்கு அழைப்பு எடுத்தோம். அங்கே இரவு பதினொரு மணி. மகள் திரையில் சிரித்துக்கொண்டுதான் வந்தாள். "பெரியம்மா, நாங்க நல்லா ஈக்கிறோம். உம்மாவுக்கு நீங்க கொஞ்சம் சொல்லுங்க" என்றாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். தங்கையின் அழுகை கோபமாக மாறி, கோபம் கேள்வியாக மாறியது. "எப்புடி வெளிய வந்தீங்க?" என்று அவள் கேட்டபிறகு மகள் சொன்னவைதான் இம்மாதம் என்னை எழுத வைத்தன.

கொழும்பில் இன்று குளிர்நாட்டில் ஒரு பிள்ளையாவது இல்லாத வீடு குறைவு. அவர்களுக்கு மாசியும் மிளகாய்த்தூளும் கட்டி அனுப்புகிறோம். ஆனால் பனியைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? நாம் கண்டதெல்லாம் வருடத் தொடக்கத்தில் நுவரெலியாப் புல்லின்மேல் வெள்ளையாகப் படிந்து, வெயில் ஏறியதும் காணாமற்போகும் உறைபனிதான். அதனால் அவளிடம் கேட்டதோடு நிற்காமல் சிலவற்றைத் தேடியும் படித்தேன்.

நடந்தது இதுதான். ரொறொன்ரோவிலிருந்து வடக்கே, அல்கோன்குவின் பூங்காப் பக்கம் நண்பர் ஒருவரின் மரவீட்டுக்கு இரண்டு நாள் போகத் திட்டம். புதிதாக வாங்கிய ஜீப். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்பதில் மருமகனுக்குப் பெருமை. தொலைபேசியில் இருக்கும் வரைபடம் குறுக்குவழி ஒன்றைக் காட்டியிருக்கிறது. அந்நாட்டில் இப்படிப்பட்ட கிளைப்பாதைகளின் முகப்பில், குளிர்காலத்தில் இவ்வீதி பராமரிக்கப்படுவதில்லை என்று பலகை வைத்திருப்பார்கள். அதன் பொருள், பனி அள்ளும் வண்டி அங்கே வராது என்பதுதான். இவர்கள் பலகையைக் கண்டும் போயிருக்கிறார்கள். நான்கு சக்கர இழுவை இருக்கிறதே என்ற தைரியம். அந்த இழுவை வண்டியை முன்னே கொண்டுபோக உதவும். நிறுத்துவதற்கோ வளைவில் வழுக்காமல் திரும்புவதற்கோ அது துணை வராது. அது கிடைத்த துணிச்சலில் இன்னும் ஆழமான இடத்துக்குப் போய் மாட்டுகிறவர்களே அதிகம் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்கிறார்கள்.

பெருவீதியிலிருந்து ஒன்பது கிலோமீற்றர் உள்ளே போனபோது வண்டி ஒருபுறம் சரிந்து நின்றுவிட்டது. நேரம் பிற்பகல் மூன்றரை. அங்கே ஐந்து மணிக்கே இருட்டிவிடும். வெளியே பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை. தொலைபேசியில் சிக்னல் இல்லை. பின்னாசனத்தில் ஆறு வயதிலும் இரண்டு வயதிலும் இரண்டு குழந்தைகள்.

மருமகன் முதலில் செய்தது, எவரும் செய்வதைத்தான். எக்ஸிலேட்டரை ஓங்கி மிதித்தார். சக்கரம் சுழன்றது, வண்டி நகரவில்லை. மறுபடி மிதித்தார். இரண்டு நிமிடத்தில் வண்டி முன்னைவிட அரை அடி கீழே இறங்கிவிட்டது.

இந்த இடத்தில் எனக்குக் கற்பிட்டி ஞாபகம் வந்தது. எனக்குப் பதினொரு வயதிருக்கும். வாப்பாவின் பழைய ஜீப் கடற்கரை மணலில் இறுகிவிட்டது. வாப்பாவும் இதே வேலைதான் செய்தார். மிதிக்க மிதிக்கச் சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டிக்கொண்டது. கடைசியில் வலை காயவைத்துக்கொண்டிருந்த ஒரு முதியவர் வந்து, "மொதலாளி, காலை எடுங்க" என்றார். ஒரு தீக்குச்சியால் டயரின் காற்றைப் பாதிக்குமேல் இறக்கினார். சக்கரத்தின் முன்னால் மண்ணைக் கையால் தள்ளிச் சரிவு செய்து, இரண்டு சாக்கை நனைத்துப் போட்டார். மெதுவாக விடச் சொன்னார். ஜீப் பூனை மாதிரிச் சத்தமில்லாமல் ஏறி வந்தது. அந்த முதியவர் பனியைக் கண்டிருக்கவே மாட்டார். ஆனால் பனிக்குரிய வித்தையும் ஏறக்குறைய அதுவேதான்.

மணலைவிடப் பனிக்கு ஒரு பொல்லாத குணம் கூடுதலாக உண்டு. சுழலும் சக்கரத்தின் சூட்டில் பனி உருகி நீராகும். சக்கரம் நின்றதும் அந்த நீர் உறைந்து கண்ணாடிபோல ஆகிவிடும். ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் நாம் நம் சக்கரத்தின் கீழே வழுக்குத் தளம் ஒன்றைச் செய்துகொடுக்கிறோம். அத்துடன் வண்டி கீழே இறங்க இறங்க, அதன் அடிவயிறு பனிமேட்டில் படிந்துவிடும். அப்படிப் படிந்தபின் பாரம் முழுவதையும் வயிறு தாங்கும். சக்கரங்கள் பாரமில்லாமல் தொங்கும். பாரம் இல்லாத சக்கரத்துக்குப் பிடி எங்கிருந்து வரும்? இறுகிவிட்டது என்று தெரிந்த கணமே காலை எடுத்துவிட வேண்டும் என்பது இதனால்தான்.

அடுத்தபடியாக மருமகன் சொன்னது: "நீங்க உள்ள இருங்க. நான் மெயின் ரோட்டுக்கு நடந்து போய் ஆள் கூட்டிட்டு வாரேன்." காலில் சாதாரணச் சப்பாத்து. ஒன்பது கிலோமீற்றர். இருட்டப் போகிறது.

மகள் விடவில்லை. கதவைத் திறக்கப்போனவரின் கையைப் பிடித்துக்கொண்டாளாம். அவளுக்கு அந்த உறுதி வந்ததற்குக் காரணம் பக்கத்து வீட்டுக் கனடியக் கிழவி. கோப்பி குடிக்கும் வேளைகளிலெல்லாம் அக்கிழவி ஒரே விடயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருப்பாளாம், வண்டியை விட்டு நடக்காதே என்று.

கிழவி சொன்னது வீண் பேச்சல்ல. 2006ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் நடந்த சம்பவம் ஒன்றைப் படித்தேன். ஜேம்ஸ் கிம் என்ற 35 வயதுப் பத்திரிகையாளர். மனைவி கேட்டி, நான்கு வயது மகள், ஏழு மாதக் கைக்குழந்தை. இரவுப் பயணத்தில் திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டு மலைப்பாதை ஒன்றில் ஏறி, அதிலிருந்து மரம் வெட்டுவோர் பயன்படுத்தும் கிளைப்பாதைக்குள் போய்விட்டார்கள். பனி சூழ்ந்துகொண்டது. எரிபொருள் இருக்கும்வரை இயந்திரத்தை ஓடவிட்டுச் சூடேற்றினார்கள். அது தீர்ந்ததும் வண்டியின் டயர்களைக் கழற்றி எரித்தார்கள். உணவு முடிந்துபோக, கேட்டி இரண்டு பிள்ளைகளுக்கும் தாய்ப்பால் கொடுத்தாள். ஒரு வாரம் அப்படிக் கழிந்தது. டிசம்பர் 2ஆம் திகதி காலை, உதவி தேடி ஜேம்ஸ் நடந்து புறப்பட்டார்.

டிசம்பர் 4ஆம் திகதி ஹெலிகொப்டர் ஒன்று வண்டியைக் கண்டுபிடித்தது. தாயும் இரு பிள்ளைகளும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். ஜேம்ஸின் உடல் 6ஆம் திகதி ஓடைக்கரையில் கிடைத்தது. பனியிலும் பள்ளத்திலுமாகப் பதினாறு மைல் நடந்திருந்தார். குளிரே அவர் உயிரைக் கொண்டுபோயிற்று. குடும்பத்துக்காகத் தன்னைக் கொடுத்த அந்த மனிதரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு வாரம் காத்திருந்தபின் எடுத்த முடிவு அது. ஆனால் தேடி வருவோர் கண்ணுக்கு முதலில் படுவது வண்டிதான், மனிதன் அல்ல. வண்டி பெரியது, அதற்கு நிறம் இருக்கிறது, காற்றை மறைக்கும் சுவர் நான்கு இருக்கின்றன.

சரி, வண்டிக்குள் இருந்தாயிற்று. அதிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. சகோதரிகள் இதைக் கொஞ்சம் நிதானமாக வாசிக்க வேண்டும்.

பாகிஸ்தானில் மரி என்ற மலைநகரம், இஸ்லாமாபாத்துக்கு அருகே இருக்கிறது. பனி பார்ப்பதற்கென்று குடும்பம் குடும்பமாகப் போவார்கள். 2022 ஜனவரி 7ஆம் திகதி இரவு அங்கே பெரும் பனிப்புயல் அடித்தது. மரங்கள் வீதியில் விழுந்தன. ஆயிரக்கணக்கான வாகனங்கள் அப்படியே நின்றுவிட்டன. குளிருக்குப் பயந்து கண்ணாடிகளை மூடி, இயந்திரத்தை ஓடவிட்டு, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உறங்கினார்கள். விடிந்தபோது வாகனங்களுக்குள் குறைந்தது 22 பேர் இறந்திருந்தார்கள். பத்துப் பேர் குழந்தைகள். ஒரே வண்டிக்குள் ஒரு குடும்பமே போயிற்று. குளிர் மட்டுமல்ல, நச்சுவாயுவும் காரணம் என்று அப்போது சொல்லப்பட்டது.

அந்த வாயுவின் பெயரை நம் பிள்ளைகள் விஞ்ஞானப் புத்தகத்தில் படித்திருப்பார்கள். காபனோரொட்சைட்டு. இயந்திரப் புகையில் இருக்கிறது. மணம் இல்லை, நிறம் இல்லை, கண்ணையும் எரிக்காது. வண்டியின் பின்னால் இருக்கும் புகைக்குழாயைப் பனி அடைத்துவிட்டால், புகை வெளியே போக வழியின்றி அடித்தட்டின் இடுக்குகள் வழியாக உள்ளே ஏறும். நம் இரத்தம் ஒட்சிசனைப் பற்றிக்கொள்வதைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமான பலத்தோடு இந்த வாயுவைப் பற்றிக்கொள்ளும். முதலில் தலையிடி, பிறகு குமட்டல், அதன்பின் ஒரு சுகமான நித்திரை. பயணக் களைப்பு என்றுதான் தாய் நினைப்பாள். சிறு பிள்ளைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுவதால் அவர்களைத்தான் முதலில் தாக்கும்.

ஆகவே பனியில் வண்டி நின்றால் முதல் வேலை, இறங்கிப் பின்னால் போய்ப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை முழுவதும் அள்ளி ஒதுக்குவதுதான். பிறகுதான் சக்கரம், மண்வெட்டி எல்லாம். காத்திருக்க நேர்ந்தால் இயந்திரத்தை ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் ஓடவிட்டால் போதும். ஒவ்வொரு முறையும் குழாயைப் பார்த்துவிட்டே சாவியைத் திருப்ப வேண்டும். காற்று வீசாத பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரல் அகலம் திறந்து வைக்க வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் உறங்கக் கூடாது. நம்மிடம் குளிர் என்றால் சன்னலை இறுக்கி மூடும் பழக்கம் இருக்கிறது. மகளிடம் இதை மூன்று தரம் சொன்னேன். "தெரியும் பெரியம்மா" என்று மூன்று தரமும் சொன்னாள்.

இனி அவர்கள் வெளியே வந்த கதை. வண்டியின் டிக்கியில் ஒரு சிறிய மண்வெட்டி இருந்தது. வாங்கி வைத்தவள் மகள்தான். வாங்கிய அன்று மருமகன் சிரித்தாராம். இப்போது அதைக் கொண்டு முதலில் வண்டியின் அடிவயிற்றின் கீழே இருந்த பனியைத் தோண்டினார். பலர் சக்கரத்தின் முன்னால் மட்டும் தோண்டிக் களைத்துப்போவார்களாம். வயிறு விடுபடாமல் சக்கரத்துக்குப் பாரம் வராது. பிறகு நான்கு சக்கரத்தின் முன்னும் பின்னும் சரிவாக வெட்டினார். அடியில் உறைந்திருந்த கண்ணாடித் தளத்தை மண்வெட்டி நுனியால் கொத்திச் சொரசொரப்பாக்கினார்.

அவசரமாகத் தோண்டவும் கூடாது. பனி பார்க்கத்தான் பஞ்சு, அள்ளினால் ஈரமண். பனி அள்ளும்போது மாரடைப்பு வந்து இறப்பவர்கள் அந்நாடுகளில் ஒவ்வொரு வருடமும் உண்டு. வியர்த்தாலும் ஆபத்து. நனைந்த உடுப்பு உடற்சூட்டை உறிஞ்சிவிடும். மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, பத்து நிமிடம் தோண்டி, உள்ளே வந்து இருந்து, மறுபடி போனார். இப்படி இரண்டு மணி நேரம்.

டயரில் காற்று இறக்குவதா என்று கேட்டேன். வழக்கமாகச் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தலுக்குச் சற்று மேலே இருக்கும். அதைப் பாதியாக்கினால் டயர் தட்டையாகிப் பனியின்மேல் நீளமாகப் படியும். ஒட்டகத்தின் பாதம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ்லாந்தில் பனிப்பாறைகளின்மேல் ஓடும் பெரிய டயர் ஜீப்புகளில் 5 இறாத்தலுக்கும் கீழே இறக்குவார்களாம். ஆனால் அது அதற்கென்றே செய்த டயர். சாதாரண வண்டியில் அவ்வளவு இறக்கினால் டயர் வளையத்தை விட்டே கழன்றுவிடும். பாதியாக்கினாலும் வீதிக்கு வந்ததும் மறுபடி நிரப்பியாக வேண்டும். சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகும் சிறிய காற்றுப் பம்பு இவர்களிடம் இல்லை. ஆகவே டயரில் கை வைக்கவில்லை. அது புத்தி.

சக்கரத்தின் கீழே போடப் பூனை மணலோ சாதாரண மணலோ இருந்தால் நல்லது. இருந்ததெல்லாம் கால் விரிப்புகள் நான்கு. அவற்றைத் தலைகீழாக, சொரசொரப்புப் பக்கம் பனியைப் பார்க்கச் செருகினார்கள். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. சக்கரம் சுழன்றால் விரிப்பு அம்புபோலப் பின்னால் பாயும். அந்தத் திசையில் எவரும் நிற்கக் கூடாது.

ஓட்டியது யார் தெரியுமா? நம் மகள். "அவங்கட கால் பாரம் பெரியம்மா, மிதிச்சா மிதிச்சதுதான்" என்றாள். ஸ்டியரிங்கை நேராக வைத்தாள். திருப்பி வைத்த முன்சக்கரம் பனியை ஏர்போல உழுமே தவிர ஏறாது. சக்கரம் வழுக்கும்போது தானாகச் சக்தியைக் குறைக்கும் ஏற்பாடு இக்கால வண்டிகளில் இருக்கிறது. அதற்கான பொத்தானை அழுத்தி நிறுத்தினாள். தாழ்ந்த கியரில் முட்டை மேல் கால் வைப்பதுபோல மிதித்தாள். வண்டி ஒரு முழம் முன்னே போய் நின்றது. சக்கரம் சுழலத் தொடங்குமுன் விட்டுவிட்டு ரிவர்ஸில் போட்டாள். தொட்டிலை ஆட்டுவதுபோல முன்னும் பின்னும். ஐந்தாவது ஆட்டத்தில் வண்டி வெளியே வந்தது. வந்ததும் நிறுத்தவில்லை. தாங்கள் வந்த சக்கரத் தடத்திலேயே பின்னோக்கி ஓட்டிப் போய், கெட்டியான தரை கண்டபிறகே நிறுத்தினாள். கணவர் மண்வெட்டியும் விரிப்புகளுமாக ஓடி வந்து ஏறினார். மரவீட்டுப் பயணம் அதோடு சரி. இரவு ஒன்பது மணிக்கு வழியில் ஒரு சிறு ஊரில் தங்கினார்கள்.

இன்னொரு வாகனம் உதவிக்கு வந்தால் கயிறு கட்டி இழுப்பார்கள். அங்கேயும் கவனம் வேண்டும். ட்ரெயிலர் கொளுவும் உருண்டைக் குமிழில் கயிற்றை மாட்டவே கூடாது. அது இழுவையில் முறிந்து துப்பாக்கிக் குண்டாகப் பாய்ந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். வண்டியின் சட்டத்தோடு சேர்ந்த கொக்கியில்தான் மாட்ட வேண்டும். கயிறு நீளும் தூரத்துக்கு அப்பால் எல்லாரும் விலகி நிற்க வேண்டும். கயிறு என்றதும் இன்னொன்று. 1958 ஜனவரி 4ஆம் திகதி எட்மண்ட் ஹிலரி தென்துருவத்தை அடைந்தது எதில் தெரியுமா? நம் வயல்களில் உழும் பெர்கசன் ட்ரக்டர்களின் மூத்த தலைமுறை மூன்றில். பனிப் பிளவில் ஒன்று விழுந்தால் மற்றவை தாங்கிப் பிடிப்பதற்காக, அவற்றை ஒன்றோடொன்று கயிற்றால் பிணைத்தே ஓட்டினார்கள். ஒரே வண்டியில் தனியாக அப்படிப்பட்ட பாதைக்குப் போகாமல் இருப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது அவர்கள் வண்டியில் என்னென்ன இருக்கிறது என்று தங்கை ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். மண்வெட்டி, காற்றுப் பம்பு, கம்பளிப் போர்வை ஆளுக்கொன்று, டோர்ச், அன்டெனாவில் கட்டச் சிவப்புத் துணி, ஆழமான தகரப் பேணியும் மெழுகுதிரியும், பேரீச்சம்பழம், தண்ணீர். தண்ணீர் தீர்ந்தால் பனியை அப்படியே வாயில் போடக் கூடாது, உருக்கித்தான் குடிக்க வேண்டும். பச்சையாகத் தின்றால் உள்ளுடம்பு குளிர்ந்துவிடும். போகும் வழியையும் சேரும் நேரத்தையும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுவதாகவும் மகள் ஒப்புக்கொண்டாள். சிக்னல் இல்லாத இடத்திலிருந்து செய்மதி வழியாக உதவி கேட்கும் வசதி 2022 நவம்பரிலிருந்து கனடாவில் சிலவகை ஐபோன்களில் உண்டு. மருமகன் தன்னுடையதில் அது இருப்பதை வீடு திரும்பியபிறகுதான் கண்டுபிடித்திருக்கிறார்! பிள்ளைகளிடம் ஐபோன் இருந்தால் இன்றே கேட்டுப் பாருங்கள்.

தங்கை போகும்போது கற்பிட்டிக் கதையை மறுபடி சொல்லச் சொன்னாள். அப்போது அவள் கைக்குழந்தை, அவளுக்கு எதுவும் ஞாபகமில்லை. நேரே புறக்கோட்டைக்குப் போய்ப் புதிய சணல் சாக்கு இரண்டு வாங்கியிருக்கிறாள். அடுத்த வாரம் ரொறொன்ரோ போகும் சம்பந்தி வீட்டாரிடம் மாசிப் பொதியோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டாள். மகள் முதலில் சிரித்தாளாம். பிறகு, "டிக்கியில இடம் ஈக்கி உம்மா, அனுப்புங்க" என்றாளாம்.